இண்டெக்ஸ் புதுப்பிக்கும் வேளை

“உங்க ஆபீஸ் போனும் உங்க வூட்டு போனும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கினு கீது போல, சார்” என்று சிரித்தார் டெலிபோன் பூத் கலீமுல்லா.

வேதாந்தம் சிரிக்கவில்லை. தினமும் காலையில் கபாலீசுவரர் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, அந்த பூத்திலிருந்து அலுவலகத்தையும் வீட்டையும் அழைப்பது அவர் வழக்கம். சில வாரங்களாக இரண்டு எண்களும் ஒரே வேளையில் எங்கேஜ்டாகவே இருந்தன.

வீட்டில் இருப்பவள் மகள் சாருலதா. வரும் ஞாயிறன்று அவளைப் பெண் பார்க்க அடையாற்றிலிருந்து வருகிறார்கள். அலுவலகத்தை முதல் ஆளாக வந்து திறப்பவன் ஸ்ரீவத்சன். வயது இருபத்தாறு, மணமாகாதவன். இதற்குமேல் வேதாந்தத்திற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மனைவி ஜானுவிடம் இதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சண்டையிட்டுக்கொண்டு அமெரிக்கா போய்விட்ட மகன் ஸ்ரீகிருஷ்ணாவின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று அவர் விதித்த நாளிலிருந்து அழுதுகொண்டே இருந்தவள் அவள். அண்மையில்தான், காரணம் ஏதும் புலப்படாமலே, காப்பி கலக்கும்போது பாடத் தொடங்கியிருக்கிறாள்.

மார்கழிக் கோலங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வடக்கு மாட வீதிக்கு வந்து, மாடியேறினார் வேதாந்தம். ஸ்ரீவத்சன் கணினியின் முன் அமர்ந்திருந்தான். தொலைபேசி தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. காலடி ஓசை கேட்டதும் வைத்துவிட்டான் என்று அவர் முடிவு செய்தார்.

“இத்தனை நாழி யாரோட பேசிண்டிருந்தே?”

“நான் பேசலை சார். மெஷின் பேசறது.”

கல்லூரிக் கணினிகளில் லினக்ஸ் மென்பொருளை நிறுவிக் கொடுப்பதே அவர்கள் தொழில். நிறுவும்போது ஏதேனும் ஒரு ஃபைல் இல்லையென்று கணினி முரண்டு பிடித்தால், அது எந்தப் பேக்கேஜுக்குள், அதாவது எந்த மென்பொருள் பொட்டலத்துக்குள், இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் இண்டெக்ஸ் உண்டு. புதிய பேக்கேஜுகள் வந்தவண்ணம் இருப்பதால் அந்த இண்டெக்ஸையும் அன்றன்று புதுப்பிக்க வேண்டும். அதற்காகத்தான் கணினி காலைதோறும் மோடம் என்னும் பெட்டி வழியே, அலுவலகத் தொலைபேசி இணைப்பிலேயே, தானாக இணையத்தை அழைக்கிறது. இணைப்புக் கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் அழைக்கும். இவ்வளவையும் ஸ்ரீவத்சன் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

வேதாந்தம் அவனைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

“அப்படின்னா நேத்து தரமணி காலேஜ்ல, அந்த ஃபைல் எந்தப் பேக்கேஜிலயும் இல்லைன்னு உன் இண்டெக்ஸ் ஏன் கையை விரிச்சுது? தேதியைக் காட்டு பார்ப்போம்.”

ஸ்ரீவத்சன் திரையில் தேதியை வரவழைத்தான். இண்டெக்ஸ் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது தீபாவளிக்கு முந்தைய நாள்.

அவன் முகம் வெளிறியது. தினமும் மோடத்தின் விளக்குகள் மினுக்குவதைத் தன் கண்ணால் பார்ப்பதாகவும், வேலை ஒழுங்காக நடக்கிறது என்றே நம்பியிருந்ததாகவும் தடுமாறினான். நம்பியதை ஒருநாளாவது சரிபார்த்தானா என்று வேதாந்தம் கேட்டார்.

“மெஷின் பேசியிருந்தா இண்டெக்ஸ் புதுசா இருக்கணும். இண்டெக்ஸ் பழசு. அப்போ பேசினது நீ. எங்காத்துப் பொண்ணோட பேசியிருக்கே. பெட்டியைக் கட்டிக்கோ, நாளைலேர்ந்து வராதே.”

“சாருலதாவோட நான் ஒரு வார்த்தை பேசினதில்லை சார். நீங்க வேணும்னா நம்பர்ல ஏதாவது தப்பு…”

அவர் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் பாதியில் நின்றது. தீபாவளி முடிந்ததும் இணையத்துக்காகக் கணினி அழைக்கும் தொலைபேசி எண் மாறியபோது, அது வேறெவருக்கும் தெரியக்கூடாது என்று எல்லோரையும் இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டுப் புதிய எண்ணைத் தம் விரலாலேயே தட்டியவர் வேதாந்தம். அவர் பிழை செய்வதில்லை. அது அலுவலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட செய்தி.

“ஒரே ஒரு தடவை உங்க எதிர்லயே ஓட்டிக் காட்டறேன் சார். அதுக்கப்புறம் போயிடறேன்.”

போகிறவனின் கடைசி வேண்டுகோள் என்பதால் வேதாந்தம் தலையசைத்தார். மோடம் போடும் கீச்சொலி காதைத் துளைக்கிறது என்று அவர் ஆணையிட்டதால், அதன் ஸ்பீக்கர் அன்றுவரை அடைத்தே வைக்கப்பட்டிருந்தது. ஸ்ரீவத்சன் அதைத் திறந்து ஒலியை முழுமையாகக் கூட்டினான். பிறகு கட்டளையைத் தட்டினான்.

டயல் டோன் வந்தது. எண்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. மறுமுனையில் மணி ஒருமுறை அடித்ததுமே, அதற்காகவே பக்கத்தில் காத்திருந்ததுபோல், யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

எடுத்தது கணினி அன்று. மோடம் ‘பீப்… பீப்…’ என்று இடைவிட்டுக் கூவ, அந்தச் சிறிய பெட்டிக்குள்ளிருந்து, வேதாந்தத்திற்கு முப்பது ஆண்டுகளாகப் பழகிய குரல் அறை முழுவதும் கேட்டது.

“கிருஷ்ணா, அப்பா இன்னும் ஆத்துக்கு வரலைடா, லைன் சரியில்லாம உன் குரல் கேக்கலைன்னா என்ன, தினமும் விடாம கூப்பிடறியே, அது போறும்.”