இரவல் சங்கிலி

பென்னலூரில் உச்சி வெயில். வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் ரகுபதி தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டு காதுகளுக்கும் பின்னால், தாடை வரை, எலுமிச்சம்பழம் போல வீங்கியிருக்கிறது. வலி இல்லை, அரிப்புதான். சொறிந்து சொறிந்து சிவந்து கிடக்கிறது. பொன்னுக்கு வீங்கி, தங்கம் போட்டால் வடிந்துவிடும் என்று ஊரே சொன்னதால் அண்ணன் மனைவி செங்கமலம் தன் சங்கிலியை அவன் கழுத்தில் போட்டுவிட்டிருந்தாள். வருஷக்கணக்கான வீக்கத்துக்குப் பொன்னுக்கு வீங்கியாம்! பட்டணத்து ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்து, இது அபூர்வமான வியாதி, புற்றும் இல்லை, காசமும் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று நேற்றுச் சொல்லிவிட்டார்கள். வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து செங்கமலத்துக்குச் சங்கிலி திரும்ப வேண்டும். கையால் மட்டும் தொடமாட்டாள். கொதிக்கும் மஞ்சள் தண்ணீர்க் குண்டானைத் தரையில் வைத்துவிட்டு எட்ட நிற்கிறாள். கட்டிலருகே ரகுபதியின் மனைவி சரோஜா.

"அதுல போட்டுடு சரோஜா. அப்பறம் எடுத்துக்கிறேன்."

"ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாரேக்கா."

"அவரா கழுத்துல போட்டுக்கப் போறாரு?"

பக்கத்து வீட்டில் யாரோ டிரான்சிஸ்டரை அணைக்கிறார்கள், சண்டையைக் கேட்க. ரகுபதி கொக்கியைத் தேடுகிறான். வீக்கத்தில் விரல் தடுக்குகிறது. சரோஜா புருஷனின் கையை விலக்கிச் சங்கிலியைத் தானே கழற்றுகிறாள். குண்டானைக் காலால் தள்ளிவிடுகிறாள். மஞ்சள் தண்ணீர் ஆவி பறக்க மண்ணில் ஓடுகிறது. செங்கமலம் நகர்வதற்குள் சங்கிலி அவள் கழுத்தில் ஏறிவிடுகிறது. சரோஜா கொக்கியை மாட்டுகிறாள், பிடியை விடவில்லை.

"இன்னாக்கா, வீங்குதா?"