எந்தப் பக்கத்து மூளை?

“உங்க பொண்ணுக்கு நாலாவது நிலை. அஞ்சுதான் உச்சம்” என்று அறிவுத்திறன் சோதிக்கும் டாக்டரம்மா சொல்லி வாய் மூடவில்லை, எதிரே புருஷன் பெண்டாட்டி சண்டை ஆரம்பித்துவிட்டது.

“அப்படியே எங்கப்பா மூளை. எவ்வளவு பெரிய பெருக்கலையும் மனசுலயே போடுவார்” என்றாள் அம்மா.

“உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டே கண்ணாடி தேடுவார். இது எங்கக்கா மூளை” என்றார் அப்பா.

“டிரைவிங் டெஸ்டுல மூணு தடவை கோட்டை விட்டாங்களே, அந்த அக்காவா?”

“அஞ்சுக்கு ஒண்ணு குறைஞ்சுதே, அது உங்கம்மா உபயம்.”

டாக்டரம்மாவுக்கு இது தினமும் பார்க்கும் கூத்து. பேச்சை மாற்றுவதற்காக, “பிறந்தப்போ குழந்தை என்ன எடை இருந்தா?” என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தெரியாதுங்க” என்றாள் அம்மா, குரல் இறங்கி. “நாங்க தத்தெடுக்கும்போதே இவளுக்கு ரெண்டு வயசு.”

டாக்டரம்மாவின் பேனா அப்படியே நின்றது.

அப்பா தொண்டையைச் செருமினார். “சரி, மூளையை விடுங்க டாக்டர். மூக்கு அச்சு அசல் எங்கக்கா.”

“உங்கக்காவுக்கு ஏது மூக்கு?” என்றாள் அம்மா.