லிட்டருக்குப் பத்தொன்பது

"தூங்குற குழந்தைக்குத் தொட்டில் ஆட்டுற மாதிரி ஆக்சிலேட்டரை மிதிக்கணும்" என்று மேடையில் காலைத் தூக்கிக் காட்டினார் மருதாசலம்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் மனமகிழ் மன்றம் நிறைந்திருந்தது. பெட்ரோல் விலை அந்த வருடம் மறுபடியும் ஏறியிருந்ததால் ஸ்கூட்டர்காரர்கள்கூட வந்திருந்தார்கள்.

மருதாசலம் சுரங்கத்தில் ஃபோர்மேன். லிட்டருக்குப் பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய பழைய ஃபியட், ஆறே மாதத்தில் பத்தொன்பதைத் தொட்டிருந்தது. டேங்கை நிரப்பும்போதெல்லாம் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து வகுத்து, அவரே திகைத்துப்போவார்.

ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைப்பது, வாரம் தவறாமல் டயருக்குக் காற்றடிப்பது, தூரத்தில் மாடு தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவது என்று ஒவ்வொன்றாக விளக்கினார்.

ஒர்க்‌ஷாப் சிவப்பிரகாசம் எழுந்தார். அவரிடமும் ஃபியட்தான்.

"எல்லாத்தையும் செஞ்சிகினுதாங்க இருக்கேன். பன்னெண்டுக்கு மேல ஏற மாட்டேங்குதே?"

"மனசு ஒத்துழைக்கணும் சார். நம்பிக்கை இல்லேன்னா என் சம்சாரத்தைக் கேளுங்க. பக்கத்துல உக்காந்து வர்றவங்களாச்சே!"

மைக் கைமாறிக் கைமாறிப் பெண்கள் வரிசைக்கு வந்துவிட்டது.

மருதாசலத்தின் மனைவி விஜயகுமாரி எழுந்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்சவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மேடையில் மருதாசலத்தின் முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனுடையதுபோல் இருந்தது.

"அவருக்கு இருக்கற பொறுமை யாருக்கும் வராதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பெண்கள் வரிசையில்தான் கைதட்டல் பலமாக இருந்தது. பிளாக்கில் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன்பு விஜயகுமாரி கார் ஓட்டப் பழகட்டுமா என்று கேட்டபோது, "நீ பழகறதுக்குள்ள டேங்க் காலியாயிடும்" என்று சிரித்தார் மருதாசலம்.

அதிலிருந்து, அவர் கம்பெனி பஸ் ஏறி முதல் ஷிஃப்டுக்குப் போனதும் சாவி ஆணியைவிட்டு இறங்கிவிடும். அம்சவல்லிக்கு ஓட்டத் தெரியும். இப்போது விஜயகுமாரி குறிஞ்சிப்பாடி வரை தனியாகவே போய்த் திரும்புகிறாள். போன செவ்வாய்க்கிழமை லைசென்ஸும் வந்துவிட்டது.

எரித்த பெட்ரோலை ஒவ்வொரு முறையும் பங்கில் சரியாகப் போட்டுவிட்டுத்தான் காரை நிறுத்துவார்கள்.

மீட்டரில் ஏறிய கிலோமீட்டரைத்தான் திருப்பி வைக்கத் தெரியவில்லை.