கொக்கி போட்ட சக்கரம்

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலேயே ஆய்வு மாணவி அழுதுகொண்டிருந்தாள்.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர் துடைப்பமும் கையுமாகக் கதவருகே நின்றார். காலையில் வந்ததும் வராததுமாக இப்படியொரு காட்சி.

"ரெண்டு எலிக் கூட்டமும் ஒண்ணு போலதான் இருக்கு அண்ணே. மூணு வருஷம் வீணாப் போச்சு. பத்து மணிக்கு புரொபசர் சார் வந்தா எல்லாத்தையும் மூட்டை கட்டச் சொல்லிடுவாரு."

மணி ஒன்பதே கால்.

ஆய்வு தொடங்கிய புதிதில் அவள்தான் அவருக்கு விளக்கியிருந்தாள். ஓடுகிற எலியின் மூளையில் புது நரம்பு செல்கள் நிறைய முளைக்கும். சும்மா கிடக்கிற எலிக்கு அவ்வளவு முளைக்காது. அதை எண்ணிக் காட்டத்தான் இவ்வளவு பாடும்.

அப்படியென்றால் நாள் முழுக்கப் படியேறி இறங்குகிற என் மூளை இந்நேரம் கூரையை இடித்திருக்க வேண்டுமே என்று அவர் கிண்டலடித்திருந்தார்.

பன்னிரண்டு கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எலி, ஒரு சக்கரம். ஆறு சக்கரங்கள் சுற்றும். மீதி ஆறையும் கொக்கி போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

இப்போது எலிகள் இல்லை. அவற்றின் மூளைச் சீவல்கள் கண்ணாடித் துண்டுகளில் இருந்தன. ஓடியதற்கும் ஓடாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவள் அழுதாள்.

சொல்லலாமா, வேண்டாமா?

சொன்னால் வேலை போய்விடும். இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காட்டிக்கொடுக்க எலிகள்கூட இல்லை.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"நான்தாம்மா காரணம். சாயங்காலம் கிளம்புறப்ப கொக்கிய எடுத்து விட்டுட்டுப் போவேன். காலைல நீங்க வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிடுவேன்."

அவள் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. எத்தனை நாள் என்று கேட்டாள்.

எலிகள் கூண்டிலிருந்த ஆறு வாரமும் என்றார்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். சக்கரமே இல்லாத கூண்டென்றால் அவருக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அதைக் கண்ணெதிரே வைத்துவிட்டு ஓடவிடாமல் செய்தால் எப்படி? பகலெல்லாம் தூங்கி ராத்திரி ஓடுகிற ஜீவன். ஏறிப் பார்க்கும், அசையாது, இறங்கும், மறுபடி ஏறும். முதல் நாளே அவருக்கு மனசு கேட்கவில்லை.

சொல்லி முடித்து, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நீட்டினார். அவளே வாங்கிக்கொண்டால் தேவலை. சாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை.

அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாக சுழல் நாற்காலியோடு அரை வட்டம் சுழன்றாள்.

அழுத அழுகையில் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவர் முதலில் பயந்தார். அப்புறம் மெல்லப் புரிந்தது. இரண்டு கூட்டமும் ஓடியிருக்கிறது. பிறகு வித்தியாசம் எங்கிருந்து வரும்? அவள் நினைத்தது தப்பென்று யாரும் இனிச் சொல்ல முடியாது. புது எலிகளை வைத்து மறுபடி செய்தால் ஆயிற்று. சாரிடம் நானே பேசிக்கொள்கிறேன், உங்களை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள் என்று அவள் சொன்னபோது, அவருக்கு அப்பாடா என்றிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் பேனாவை எடுத்தாள்.

"ஆறு கூண்டுலயும் கொக்கிய எடுத்தீங்களா?"

அவர் தயங்கினார். ஆறு இல்லை, ஐந்துதான். பதினோராம் கூண்டில் மட்டும் எடுக்கவில்லை. முதல் நாளே கொக்கியை எடுக்கப் போன விரலை ரத்தம் வரக் கடித்துவிட்டது அது. நல்லது செய்யப் போனவனையே கடிக்கிறாயா, உனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று கோபித்துக்கொண்டு போனவர், அப்புறம் அந்தக் கொக்கியைத் தொடவே இல்லை.

அவள் சிரிப்பு நின்றது. நோட்டை வேகமாகப் பின்னால் புரட்டினாள்.

பதினொன்றுக்கு நேரே இருந்த புது செல்களின் எண்ணிக்கை மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தாள். மற்றவற்றில் பாதிகூட இல்லை அது. ஸ்லைடு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தாள். உண்மையிலேயே ஓடாத ஒரே எலி அதுதான்.

"நல்லவேளை, அது உங்கள கடிச்சுது அண்ணே!"

பேராசிரியருக்குச் சொல்ல அவள் போனைத் தேடி ஓடினாள்.

அவர் அந்தச் சின்ன எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரியாவது கோபத்தை விட்டு அந்தக் கொக்கியையும் எடுத்து விட்டிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.