நடுக்குழி பேட்ஜ்

"நடுவுல இருந்தது எங்க?"

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கியதும் இறங்காததுமாகப் பெட்டியைத் திறந்து பார்த்த எலியேசர் கத்தினார்.

தட்டையான மரப்பெட்டி. உள்ளே பஞ்சு வைத்த குழிகள், குழிக்கு ஒரு பேட்ஜ். எல்லாம் அந்தக் காலத்து ராக் இசைக்குழுக்களின் படம் போட்ட, சட்டையில் குத்திக்கொள்கிற வட்டத் தகர பேட்ஜுகள். தாடியும் சுருட்டை முடியும் கிடாருமாக ஒரு கூட்டமே உள்ளே உட்கார்ந்திருக்கும். மனுஷன் வேலை பார்த்த காலம் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தது.

நடுக்குழியில் இருந்ததுதான் ராஜா. உள்ளங்கை அகலம். லண்டனில் ஏதோ ஒரு கச்சேரி வாசலில் விற்றதாம். அதன் ஊசி இன்றுவரை ஒரு துணியில்கூட ஏறியதில்லை. சேகரிக்கிறவர்களுக்கு அதில்தான் மதிப்பே. தும்மல் வந்தால்கூட எலியேசர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

இன்றைக்கு இங்கே ஒரு கண்காட்சி. அந்த ராஜாவின் போட்டோவைப் பார்த்துத்தான் முதல் தடவையாக இவருக்கும் ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். இப்போது குழி காலி!

"உன்கிட்டதானே குடுத்தேன்? ஜென்ட்ஸ் பக்கம் கூட்டம் நசுக்குது, லேடீஸ்ல நீ பத்திரமா வச்சுக்கோன்னு குரோம்பேட்டைல குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீங்க" என்றாள் அவர் மனைவி தபீதாள்.

"அப்ப எங்க?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஒருத்தங்களுக்கு அவசரமாத் தேவைப்பட்டுது. குடுத்தேன். சாயங்காலம் வந்துடும். வெளிய போய் சொல்றேன், வாங்க."

"குடுத்தியா? அவசரத்துக்குக் குடுக்க அது என்ன தலைவலி மாத்திரையா?"

"மெதுவா பேசுங்க. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்! கல்யாணமான நாள்ல இருந்தே உனக்கு இதைக் கண்டா ஆகாது. தகரம் தகரம்னு சொல்லிச் சொல்லி, இன்னைக்கு நல்லாத் தீர்த்துக்கிட்ட."

அவள் பெட்டியை மூடப் போனாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திட்ட வேறு எதுவும் கிடைக்காமல் புடவை மேல் பாய்ந்தார்.

"கோலத்தைப் பாரு. முந்தானை தரைல இழுபடுது. நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம், ஒழுங்காக் குத்திக்கிட்டு வரத் தெரியாது உனக்கு?"

அவள் முந்தானையை அள்ளித் தோளில் போட்டாள். அது மறுபடி சரிந்தது.

அப்போதுதான் பார்த்தார். படிக்கட்டுப் பக்கம் சுடிதார் போட்ட ஒரு பெண். கையில் ஃபைல். நெஞ்சின் மேல் பளபளவென்று, அட, அவருடைய ராஜாவேதான்!

ஓடினார் எலியேசர்.

"ஏம்மா, நில்லு! அது என்னோடது. கழட்டு."

அவள் பதறிப்போய் பேட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "சார், அந்த ஆன்ட்டிதான் குடுத்தாங்க. அட்ரஸ் வாங்கியிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்து குடுத்துடறேன் சார். பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ."

"இன்டர்வியூவுக்கு ஃபேஷனா? இதுல இருக்கிறவங்க யாருன்னாவது தெரியுமா உனக்கு? இவங்க பாட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லு பார்ப்போம்!"

"தெரியாது சார்."

"தெரியாதுல்ல? கழட்டு."

"இப்ப கழட்ட முடியாது சார்." பாவம், ஃபைலையும் அதன் மேல் வைத்து மறைத்துக்கொண்டாள்.

கூட்டம் சேர எவ்வளவு நேரம் ஆகும்? "இன்னா சார், ஆட்டைய போட்டுச்சா?" என்றார் ஒருத்தர். "பாக்க நல்ல பொண்ணு மாதிரி கீது" என்றார் இன்னொருத்தர். ஒருவன் போனைத் தூக்கிப் படமே எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

எலியேசர் உள்ளங்கையை நீட்டினார். "எடுத்து வை இதுல."

அந்தக் கைக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் தபீதாள் வந்து நின்றாள், முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ரயில்ல ஏறும்போது கம்பில மாட்டி, கழுத்துல இருந்து நெஞ்சு வரைக்கும் டிரெஸ் கிழிஞ்சிடுச்சுங்க. அழுதுட்டா. என் தோள்ல குத்தியிருந்த ஊக்கைக் குடுத்தேன். வளையல்ல மாட்டியிருந்த ரெண்டையும் குடுத்தேன். அப்பவும் நடுவுல மூடலை. உங்க பெட்டில அகலமா இருந்தது அது ஒண்ணுதான்."

எலியேசர் அவள் வளையலைப் பார்த்தார். எப்போதும் அதில் தொங்கும் ஊக்குகளைக் காணோம். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

"சொல்லு சார், போலீஸைக் கூப்டவா?" என்றார் முதலில் கேட்டவர்.

"போலீஸா? எங்க வீட்டுப் பொண்ணுப்பா" என்றார் எலியேசர். "நான்தான் குத்தி அனுப்பினேன். ஞாபக மறதி. டேய், அந்தப் படத்தை அழி முதல்ல."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நேரமாகுது, போம்மா. யார் கேட்டாலும் கழட்டாத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள். கூட்டமும் சப்பென்று ஆகிக் கலைந்தது.

எலியேசர் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி பெட்டியைத் திறந்தார். காலிக் குழியைத் தடவினார். அதற்குப் பக்கத்தில் இருந்தது ராஜாவுக்கு அடுத்த மந்திரி. அதன் ஊசியும் இன்றுவரை எந்தத் துணியிலும் ஏறியதில்லை.

அதை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"முந்தானை சரியுது பாரு. இந்தா, இதைக் குத்திக்கோ."