முழங்கைக் கறுப்பு

பொலிஸ் நிலையத்துச் சீமெந்துத் தரையில் பாலேஸ்வரி குப்புறப் படுத்தாள்.

முழங்கைகள் இரண்டையும் ஊன்றி, கால்விரல் நுனியில் உடம்பைத் தூக்கினாள். வயிறு தரையில் படாமல் பிடித்துக்கொண்டாள்.

சுவரோரம் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் சிரிக்கவில்லை.

செய்து காட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து வருடக்கணக்காகியும் அவளுடைய சிங்களம் மரக்கறிக் கடையோடு நின்றுவிட்டது. உடற்பயிற்சியைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாது. வாயில் வந்த ஒரே சொல் ‘புஹுணுவ’. பயிற்சி. இயக்கத்துக்குப் போய் ஆயுதப் பயிற்சி எடுத்தவர்களைப் பிடிக்கும்போது ரீவியில் சொல்கிற அதே சொல்.

அதை அப்படியே விழுங்கினாள்.

சுரிதாரின் கையைச் சுருட்டித் தன்னுடைய முழங்கையைக் காட்டினாள். “சேர், இஞ்ச பாருங்கோ, எனக்கும் இருக்கு. வீட்டிலை செய்து வந்தது சேர்.”

சார்ஜன்டுக்கு விளங்கவில்லை. “பென்னன்ன” என்றார். செய்து காட்டு என்று.

அதனால்தான் சுரிதார் ஷோலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன கணவன் திரும்பி வரவில்லை. கீழ் வீட்டு ஜெஸீமாதான் மூச்சிரைக்கப் படியேறி வந்து சொன்னாள். சந்திச் சோதனைச்சாவடியில் மறித்தார்களாம். சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்களாம். பிறகு காற்சட்டையையும் முழங்கால்வரை.

“முழங்கையத்தான் பாத்தாங்க. வேற ஒண்டும் கேக்கல்ல. ஜீப்புல ஏத்திட்டாங்க.”

முழங்கையும் முழங்காலும் உரசிக் கறுத்திருந்தால் காட்டில் தவழ்ந்தவன். அந்த நாட்களில் சோதனைச்சாவடியில் நின்றவர்களுக்கு அந்த அடையாளம் போதுமாயிருந்தது.

அவளும் கணவனும் தவழ்ந்தது தங்கள் வீட்டு ஹோலில்.

கல்யாணமாகி இவ்வளவு காலமாகியும் பிள்ளை இல்லை. இரண்டு பேரும் முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், மருந்தைப் பிறகு பார்க்கலாம் என்று பம்பலப்பிட்டி டொக்டரம்மா சொல்லிவிட்டார். கடற்கரையில் நடக்கலாமென்றால் நாலு அடிக்கு ஒருவன் அடையாள அட்டை கேட்பான். அதனால் கணவன் ஒரு சீடி வாங்கி வந்தான். ஜிம்முக்குப் போகவேண்டாம், கருவி ஒன்றும் தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே செய்தால் மூன்று மாதத்தில் ஆள் மாறிவிடலாம் என்று அதன் அட்டை சொன்னது.

சீடியில் ஒரு வெள்ளைக்காரி. குதிக்கும்போதும் மூச்சு வாங்காமல் கத்துவாள்.

பாய் வழுக்கியதால் வெறுந்தரையில்தான் செய்தார்கள். முதல் கிழமை முழுவதும் கணவன் பாதியிலேயே விழுந்தான். விழுந்த இடத்தில் கிடந்து சிரித்தான். பிறகு விழவில்லை. தன்னுடையதை முடித்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தி எண்ணத் தொடங்கினான். அவளுடைய வயிறு தரையைத் தொடப்போகும் நேரம் பார்த்து, “இன்னும் கொஞ்சம் பிடியும், பாலேஸ். பிள்ளையை நினையும்” என்பான்.

முழங்கை உரிந்தது. காய்ந்தது. மறுபடி உரிந்தது. கடைசியில் கறுத்துத் தடித்துப்போனது. இருவரும் மாறி மாறித் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார்கள்.

நேற்றுத்தான் அவனுடைய பெல்ட்டுக்குப் புதிதாக ஓர் ஓட்டை போடவேண்டி வந்தது. அடுப்பில் ஆணியைக் காய்ச்சி அவள்தான் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது தரையில் கிடந்தபடி அவளே எண்ணினாள். தமிழில், உரத்து.

சார்ஜன்டுக்குப் பின்னால் ஒரு கதவு பூட்டியிருந்தது. வந்ததிலிருந்து அவள் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அங்கால் அவனை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்து நிலையம் இதுதான், ஜீப் போனதும் இந்தப் பக்கம்தான். எண்ணுகிற குரல் கேட்டால் அவள் வந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

வயிறு தரையைத் தொடப்போனது. இன்னும் உரத்து எண்ணினாள்.

பிறகு தவழ்ந்தாள். மேசையிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து மேசைவரை, வெள்ளைக்காரி செய்யச் சொன்னது போலவே. சுரிதார் முழங்காலில் கிழிந்தது. முழங்கைத் தோல் விட்டுப்போய்த் தரையில் ரத்தம் தீற்றியது. சிரித்த கான்ஸ்டபிள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

“எத்தி, எத்தி” என்று சார்ஜன்ட் கையை அசைத்தார். போதும் என்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. ஆனால் பாதியில் விட்டால் பொய் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. சீடியில் இருந்த அவ்வளவையும் செய்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சார்ஜன்ட் எழும்பித் தன்னுடைய கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, அவளுக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சிங்களத்தில் சொன்னார். இன்றைக்குக் காலையிலிருந்து இந்த நிலையத்துக்கு ஒருவரையும் கொண்டுவரவில்லை.

பேனாவை எடுத்தார்.

“மஹத்தயாகே நம மொகத்த?”

கணவனின் பெயரைக் கேட்கிறார். வந்ததிலிருந்து அங்கே ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அவளும் சொல்லியிருக்கவில்லை.

பாலேஸ்வரி வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கியது. பெயர் வரவில்லை.