ரிவால்வருக்கு இரண்டு தேதி

"துடைச்சுத்தான் கொண்டு வந்திருக்கேன்" என்றாள் மெட்டில்டா, ஏதோ வெள்ளித் தட்டை நீட்டுவதுபோல.

கடையின் கண்ணாடி மேசைமேல் இருந்த பொட்டலம் அப்பாவின் பழைய பனியன். அதிலிருந்து கிளம்பிய எண்ணெய் வாடை மகள் ரெஜியின் மூக்கில் ஏறியது. அந்த ஆள் செத்து முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. அம்மா இன்னும் அவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமைதோறும் நடந்த பணிவிடை அது. அப்பா லூர்துராஜ் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மெட்டில்டா ரிவால்வரை மடியில் போட்டுத் துடைப்பாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். மற்ற நாட்களில் அது அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். குழம்பில் உப்புக் குறைந்தால் அதன் வாய் மனைவி பக்கம் திரும்பும். விசையை அவர் அழுத்தியதே இல்லை. திருப்பினாலே வேலை நடந்துவிடும்.

தேர்தல் வந்தால் மட்டும் வீடு மூச்சு விடும். உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். ஆட்சி கவிழ வேண்டுமென்று ஜெபமாலை உருட்டிய பிள்ளை மைசூரிலேயே ரெஜி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இப்போது அது அண்ணன் கிரிஸுக்கு வேண்டுமாம். முதல் உலகப் போரில் தாத்தா ஒரு ஜெர்மன்காரனிடம் பிடுங்கியது, பரம்பரைச் சொத்து என்று அப்பாவின் பாட்டையே பாடினான். போன ஞாயிறு அதைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்த்தான். ரசம் ஊற்ற வந்த அவன் மனைவி லிசா மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்று ஊற்றினாள். ரெஜி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

அம்மா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் உரிமம் கிரிஸ் பெயருக்கு மாறும். கடிதத்தை டைப் அடித்தே கொடுத்து, துப்பாக்கி என்ன ரகம், எந்த வருஷத்தது என்று ஆயுத வியாபாரியிடம் எழுதி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தான். அம்மா போட்டுவிடுவாள். எந்த ஆம்பிளை எதை நீட்டினாலும் தலையாட்டியே பழகினவள்.

வியாபாரி பசவராஜ் தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்தவர், ரெஜி "அம்மா" என்று கூப்பிட்டதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். "முடிச்சு கெட்டியா இருக்குதுங்களே."

மெட்டில்டா கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். நர்ஸாக வேலை பார்த்த காலத்து டப்பா. உள்ளே தெர்மாமீட்டர், கத்தரிக்கோல், ஊசிமருந்துக் குப்பியின் கழுத்தைக் கீறுகிற விரல்நீள அரம். கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினாள்.

பசவராஜ் பூதக்கண்ணாடி வைத்து முத்திரையையும் எண்ணையும் பார்த்தார். தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். பர்மிங்ஹாம் சரக்குதான், ஆனால் ஐம்பத்திரண்டாம் வருஷத்தது என்றார். உலகப் போர் முடிந்து முப்பத்துநாலு வருஷம் கழித்துப் பிறந்த துப்பாக்கி.

ஆக, அதுவும் பொய். அப்பாவின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது ரெஜிக்கு. துப்ப முகம்தான் இல்லை.

பசவராஜ் துப்பாக்கியில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு ரெண்டு தேதிங்க அம்மிணி. பொறந்தது அம்பத்திரெண்டு. செத்தது முப்பது வருசம் முன்னாடி."

அந்தச் சுத்தியலில் தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் முனையை யாரோ ராவி எடுத்திருக்கிறார்கள் என்று காட்டினார். பட்டறை அரம் இல்லை, ரொம்ப மெல்லிசு. ஒரே நாளில் செய்ததும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில். ராவிய இடமே கறுத்துப் பழுத்துவிட்டது. அதற்கப்புறம் விசையை அழுத்தியிருந்தால் 'டொக்' என்பதோடு சரி.

"புது சுத்தியல் மாட்டினா பழையபடி வெடிக்குமுங்க. மாட்டட்டுங்களா?"

"வேண்டாம். போலீஸ்ல குடுத்து அழிச்சிடச் சொல்லுங்க."

அம்மாவின் குரலா அது என்று ரெஜி திரும்பினாள். மெட்டில்டா கையெழுத்துப் போடாத கடிதத்தை நாலாக மடித்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தக் குட்டி அரம் கிடந்தது, பல் தேய்ந்து வழவழவென்று.

இத்தனை வருஷம் அம்மாவைப் பார்த்து வந்த அருவருப்பு, முகவரி மாறி ரெஜியிடமே வந்து சேர்ந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா. எலெக்‌ஷன் வரணும்னு எத்தனை ஜெபம் பண்ணேன்."

"சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

"அப்பா நிஜமாவே சுட்டுடுவார்னு அவ்வளவு பயமா உனக்கு?"

"அவரா? வெறும் வாய்." மெட்டில்டா டப்பாவை அழுத்தி மூடினாள். "கட்டில்ல அவர் குறட்டை. என் மடியில ஆறு குண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும்."

டப்பாவைக் கைப்பைக்குள் போட்டாள்.

"எனக்கு நானே பயந்துதான் ராவினேன்."